கண்ணாடி டம்ளர்

குழந்தை நித்திலாவின் காலில் சிவப்புப் புள்ளிகளைக் கண்டதுமே குமரவேல் வாசலில் வேப்பிலை செருகிவிட்டான். அம்மன் வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்றான். பால்கூடக் குடிக்காமல் காய்ச்சலில் குழந்தை துவண்டபோது, தெய்வானை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை டாக்டர் ரஹீமாவிடம் ஓடினாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

"ஆத்தாளுக்குக் கோபம் வரும்டி."

"பெத்தவ கோபம் உங்களுக்குத் தெரியலையா?"

டாக்டர் இருவரையும் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த கண்ணாடி டம்ளரின் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதன் பக்கவாட்டைக் குழந்தையின் தொடையில் வைத்து அழுத்தினார்.

"சாதாரணத் தடிப்புன்னா இப்படி அழுத்தினதும் மறைஞ்சிடும்."

மூவரும் குனிந்தார்கள். கண்ணாடிக்குள் தோல் வெளுத்தது. புள்ளிகள் மட்டும் கருஞ்சிவப்பாக அப்படியே நின்றன.

"அம்மை இல்லம்மா. தோலுக்கு அடியில ரத்தம் கசியுது. ரத்தத்துலயே கிருமி பரவியிருக்கும்னு பயப்படுறேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும்."

ஓர் ஊசியைப் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸை அழைக்க டாக்டர் போனுடன் வெளியே போனார்.

குமரவேல் டம்ளரை எடுத்தான். முழங்காலுக்குக் கீழே ஒரு புள்ளியில் வைத்து அழுத்திப் பார்த்தான். பிறகு கெண்டைக்காலில். பிறகு குதிகால் அருகே.

"ஏங்க, அவளுக்கு வலிக்கும்."

"ஒண்ணாச்சும் மறையுதான்னு பாக்குறேன்டி."

தெய்வானை டம்ளரைப் பிடுங்கவில்லை. குழந்தையின் இன்னொரு காலை அவன் பக்கம் மெல்லத் திருப்பிக் கொடுத்தாள்.