பிரேக் என்று மட்டும் எழுதாதே

தினசரி அறிக்கையில் ஏதாவது உடைந்ததற்கு "பிரேக்" என்று அடித்தால் தலைமை அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். பத்துப் புள்ளி விழுந்தால் போச்சம்பள்ளி பசை யூனிட்டையே மூடிவிடுவார்களாம். அதனால் தரப் பிரிவு கிருபாராணி ஆங்கில அகராதியோடுதான் வேலைக்கு வந்தாள்.

"இன்னைக்கு ஒட்டிப் பாத்த சாம்பிளுங்க என்னம்மா ஆச்சு?" என்றார் மேனேஜர் சோமசேகர்.

"விரிசல் வுட்டதுக்கு கிராக் போட்டுட்டேன் சார். ரெண்டாப் பொளந்ததுக்கு ஸ்ப்ளிட். தூள்தூளாப் போனதுக்கு டிஸின்டிகிரேட்."

"ஒண்ணு தானாவே கழண்டு வுழுந்துச்சே?"

"அதுக்குக் கம் அபார்ட் சார்."

"எவ்ளோ மரியாதையா இருக்குது பாரு!"

மூன்று மாதமாக ஒரு புள்ளிகூட விழவில்லை. பாராட்டுக் கோப்பையோடு சென்னையிலிருந்து டைரக்டரே வந்துவிட்டார். எல்லாரும் கைதட்ட, சோமசேகர் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துத் தூக்கினார். கைப்பிடிகள் மட்டும் வந்தன. பித்தளைக் கோப்பை டைரக்டரின் காலில் விழுந்தது.

"ஐயோ! உங்க ரிப்போர்ட்டை நம்பித்தானய்யா, நம்ம கம்பெனி பசையாலேயே கைப்பிடியை ஒட்டிக் கொண்டுவந்தேன்!" என்று டைரக்டர் ஒற்றைக் காலில் குதித்தார்.

சோமசேகர் மெல்லக் கிருபாராணியின் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, கால் எலும்புக்கு என்ன வார்த்தை போடறது?"