சொல்லாமல் வைத்த சோதனை

அக்கா டிலுக்ஷி வாய் கூசாமல் பொய் சொல்கிறாள் என்றுதான் நிரோசன் நினைத்தான். அவன் இடத்தில் யாரென்றாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அப்பாவுக்கு ஏலாது, கட்டிலை விட்டு எழும்பவே மாட்டார், ஒருக்கா வந்து ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ என்று போனில் அழுவாள். இவனும் கொழும்பு கம்பஸில் இருந்து, வாறன் என்று சொல்லிவிட்டுப் பதறியடித்துக் குறிஞ்சிப்பிட்டிக்கு ஓடி வருவான். வந்து பார்த்தால் அப்பா பஸ்தியான் சவரம் எடுத்து, வெள்ளைச் சட்டை போட்டு, மீன்குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"எனக்கென்னடா, நான் கல்லுப் போல இருக்கிறன்" என்பார்.

அவருக்கு உண்மையாகவே ஏலாமல் போனால், படிப்பை மூட்டை கட்டிவிட்டு வந்து வள்ளத்தில் ஏறுவேன் என்று நிரோசன் எப்போதோ சொல்லியிருந்தான். மூத்தவனைக் கடலுக்குக் கொடுத்த வீடு அது.

அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டபடி தன் ஆராய்ச்சியைப் பற்றிக் கதைத்தான். கம்ப்யூட்டருக்குள் உயிர் வளர்க்கிறதுதான் அவன் படிப்பு. உயிர் என்றால் கண் மூக்கு வைத்ததில்லை, தன்னைத்தானே பிரதி எடுத்துப் பெருகும் குட்டிப் புரோகிராம்கள். மிஞ்சிப் பெருகுகிறவற்றை அழிப்பதற்காக, இடைக்கிடை ஒவ்வொன்றாய் வெளியே எடுத்துச் சோதித்தானாம். கொஞ்சக் காலம் போனதும், சோதிக்கிற நேரம் எல்லாமே அசையாமல் கிடந்தனவாம். திரும்ப உள்ளே விட்டதும் பழையபடி பெருகினவாம்.

"செத்த மாதிரி நடிக்குதுகள் அப்பா. மூளையும் இல்ல, ஒண்டும் இல்ல. சோதிக்கேக்க சும்மா கிடந்தது தப்பிச்சுது, அதின்ட வம்சம்தான் மிஞ்சியிருக்கு."

பஸ்தியான் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, அதுக்கு நீ என்ன செய்தனீ என்று கேட்டார்.

"சோதனை எப்ப வரும் எண்டு தெரியாமல் வச்சிட்டன். இனி எந்நேரமும் நடிக்க வேணும். ஏலுமே?"

சொல்லிவிட்டு அக்காவை ஒரு பார்வை பார்த்தான்.

"இனி இஞ்சயும் அப்படித்தான். சொல்லாமல்தான் வருவன்."

அதோடு அக்காவின் போன் நின்றது. குட்டு வெளிப்பட்டுவிட்டது, பாவம், பயந்துவிட்டாள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

சில கிழமை கழித்து, ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான். விறாந்தையில் பஸ்தியான் பிளாஸ்டிக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அதே சவரம், அதே வெள்ளைச் சட்டை. வாடா தம்பி என்று சிரித்தார்.

நிரோசன் பொரிந்து தள்ளினான்.

"அப்பாவைப் பார்க்க ஏலாட்டி நேரா சொல்லு அக்கா. நல்லா இருக்கிற மனுசனை ஏன் போனில சாகடிச்சனீ?"

டிலுக்ஷி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த சேதியைப் பிறகுதான் சொன்னான். பஸ்தியானுக்குக் கண் நிறைந்தது. ஆசீர்வாதத்துக்கு மகன் முழங்காலில் நின்றான். கடலுக்குப் போனாலும் கொழும்புக்குப் போனாலும், அந்த வீட்டில் அப்பா எழும்பி நின்றுதான் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போடுவார். அன்றைக்கு எழும்பவில்லை. இருந்தபடியே நீட்டிய கையும் பாதி வழியில் நடுங்கி விழுந்தது.

அந்தக் கையைப் பிடிக்கக் கிட்டப் போனவன், சட்டைக்குக் கீழே நீலக் கயிறு தெரிவதைக் கண்டான். சட்டையை விலக்கினால், இடுப்பைச் சுற்றி, நெஞ்சைச் சுற்றி, கதிரையோடு சேர்த்து வலைக்கயிறு. கட்டின இடமெல்லாம் தோல் உரிந்து புண்ணாய்க் கிடந்தது.

"என்னக்கா இது?"

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"போன முறை நீ போனதும், வாய் திறக்கக் கூடாதெண்டு தலவில் கோயில் அன்னம்மா மேல சத்தியம் வாங்கினவர். முந்தி நீ வாற நாளில மட்டும்தான் கட்டினது. பிறகு நீ சொல்லாமல் வருவன் எண்டுட்டுப் போனாய் தானே. அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் விடியக் கட்டுறன் தம்பி. கொழும்பில இருந்து வாற கடைசி பஸ் போன பிறகுதான் அவிழ்க்க விடுறார்."