ஒரு முழம் உள்ளே

பெருச்சாளிக் கூண்டு எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு முழம் உள்ளே கிடந்தது.

ஆற்றுக் காவலர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெருச்சாளி பிடிப்பவரின் வீட்டை நோக்கி நடந்தார்.

வெயில் தாழ்ந்திருந்தது. வீட்டுக்குள் யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

கூப்பிடுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொண்டார். காலையிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மதகை ஒட்டிய அவருடைய ஒற்றை அறையில் பேச ஆள் இல்லை.

அதற்குள் பிடிப்பவரின் மனைவி பார்த்துவிட்டாள்.

"ஏங்க, உங்க மாப்பிள்ளை விருந்துக்கு வந்தாச்சு!"

காவலருக்கு அவள் கணவரைவிட வயது அதிகம்.

சோப்பையும் ஒரு குவளைத் தண்ணீரையும் படியில் வைத்தாள். அவர் எப்போது வந்தாலும் அதுதான் முதலில் வரும், டீ பிறகு. வழக்கமாக ஓரமாய்த் திரும்பி நின்று கழுவிக்கொள்வார். இன்று குவளையைத் தொடவில்லை.

"கூண்டு மறுபடியும் கல்லைத் தாண்டியிருக்கு" என்றார்.

பிடிப்பவர் ஈரத் தலையைத் துவட்டியபடி வந்தார். "அப்படியாண்ணே?"

"கல்லுக்கு அந்தப் பக்கம் ஆத்துக்குச் சொந்தம். நீர்நாய் நடமாடுற இடம். அங்க எந்தப் பொறியும் கூடாது. இந்தப் பக்கம் வெச்சாலும் தினம் காலையில போய்ப் பாக்கணும். பெருச்சாளியைத் தவிர..."

"வேற எது விழுந்தாலும் அங்கேயே திறந்து விடணும்" என்று முடித்தாள் மனைவி. "எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. இவரு கூண்டு வெக்கிறது பெருச்சாளிக்கு. வர்றது என்னவோ நீங்கதான்."

உள்ளே பிள்ளைகளும் சிரித்தார்கள். காவலரும் சிரித்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"விளையாட்டு இல்லம்மா. புது அதிகாரி வந்திருக்கார். வாயால சொல்லிட்டுப் போறதெல்லாம் இன்னியோட சரி. இனிமே கூண்டு உள்ள கிடந்தா லைசென்ஸ் போயிடும்."

சிரிப்பு அடங்கியது. அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த லைசென்ஸால்தான்.

சொல்லாமல் விட்டால் ஆபத்து அவர்களுக்கு. சொல்லிவிட்டால் இந்தப் படிக்கு வர அவருக்கு இனி ஒரு காரணமும் கிடையாது. வழியெல்லாம் இதைத்தான் எடை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"அப்ப இனிமே வர மாட்டீங்க" என்றாள் அவள்.

"கூண்டு அதோட இடத்துல இருந்தா எனக்கு இங்க என்னம்மா வேலை?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் குனிந்து குவளையை எடுத்தாள்.

"கையை நீட்டுங்கண்ணே."

"பரவால்லம்மா, நான் கிளம்பறேன்."

"நீட்டுங்க."

பின்னால் கட்டியிருந்த கைகளை அவர் மெல்ல முன்னால் கொண்டுவந்தார். அவள் தண்ணீரை ஊற்றினாள். உள்ளங்கைகளிலிருந்து செம்பழுப்பாய் இறங்கிப் படியில் வழிந்தது, பழைய கூண்டுக் கம்பிகளின் துரு.

பிடிப்பவர் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"நாளைக்கு வர்றப்ப கூண்டை அது இருக்கிற இடத்துலயே விட்டுட்டு வாங்க" என்றாள் அவள். "சோப்பாவது மிச்சமாகும்."

துண்டை வாங்கத் தோன்றாமல், சொட்டும் கைகளை நீட்டியபடியே அவர் நின்றிருந்தார்.