நான்காம் படுக்கையின் மூன்று பந்துகள்

காலை எட்டு மணி. மூன்று பந்து. தூக்கியவர், நான்காம் படுக்கை ‘விசில்’.

“டக், டக், டக்! மூணும் மேலே!” பாதி இழுத்த திரைக்குப் பின்னாலிருந்து அறிவிப்பு வந்தது. முப்பது வருடம் கால்பந்து நடுவராக இருந்த குரல்.

“என்ன டெய்லர், உங்க பந்தெல்லாம் இன்னும் எழுந்துக்கலையா?”

ஐந்தாம் படுக்கை தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருவருக்கும் ஒரே வயிற்று ஆபரேஷன். மூச்சை இழுத்தால் மூன்று பந்துகள் எழும்பும் பிளாஸ்டிக் கருவி ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். தையல்காரர் அதைத் தொடுவதாக இல்லை.

“இழுத்தா தையல் விட்டுடும் சிஸ்டர். டாக்டர் ரொம்ப இடைவெளி விட்டுத் தைச்சிருக்கார். தைக்கிறவன், எனக்குத் தெரியாதா?”

நர்ஸ் அவர் விரலில் கிளிப்பை மாட்டினார். “ஆக்சிஜன் தொண்ணூறு. நெஞ்சுல சளி கட்டுது. சனிக்கிழமைக்குள்ள பந்து எழும்பலேன்னா தொண்டையில குழாய்தான்.”

“ஆட்டத்துக்கே வராத ஆளுக்கு மஞ்சள் அட்டை!” என்றது திரை.

தையல்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கருவியை வெடுக்கென எடுத்து இழுத்தார். ஒரு பந்து துள்ளியது.

“அம்மாடி!”

“தையல் விட்டுடுச்சா?” துணைக்கு இருந்த மனைவி பதறினாள்.

தடவிப் பார்த்தார். “இருக்கு” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடத் திரையைத் தாண்டிப் போனாள். போனவள் நின்றாள்.

விசில் தன் கருவியை நன்றாகச் சாய்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பந்துகள் சிரமமில்லாமல் உருண்டு போய் மேலே முட்டின.

“நடுவராம்! இப்படியா ஏமாத்துறது?”

“மெதுவாம்மா” என்று கெஞ்சினார் விசில். நெற்றியெல்லாம் வியர்வை. “நேராப் பிடிச்சா எனக்கு ஒண்ணுகூட எழும்பல. அது தெரிஞ்சா அவர் யார்கூடப் போட்டி போடுவார்?”

அவள் திரும்பி வந்தாள்.

“என்ன, பார்த்தியா?” என்றார் தையல்காரர்.

“பார்த்தேங்க. மூணும் எழும்புது. நீங்களும் இருக்கீங்களே!”

பதினான்காம் தேதி தையல்காரர் மூன்று பந்தையும் தூக்கிக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். விசில் வீட்டுக்குப் போனது இருபத்திரண்டாம் தேதி.