குக்கரைப் பாடிய புல்லாங்குழல்

இளைஞர் இசைக்குழுவின் ஆன்லைன் கச்சேரிக்கு அவரவர் வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். புல்லாங்குழல் செல்போனின் பட்டனைத் தட்டிவிட்டு வாசிக்க ஆரம்பித்தது. பாட்டு களைகட்டும் நேரத்தில் அடுப்பிலிருந்த குக்கர் விசிலடித்தது.

புல்லாங்குழல் மறுபடி பட்டனைத் தட்டிப் பதிவை நிறுத்திவிட்டு, "ஏய் குக்கர்! வாயை மூடித் தொலையேன்!" என்று கத்தியது. பிறகு பட்டனைத் தட்டி, விட்ட இடத்திலிருந்து வாசித்தது. திரும்பவும் விசில், திரும்பவும் திட்டு. எப்படியோ பாட்டை முடித்து, கேட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்பியது. எல்லாருடைய பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்த குழுவின் கம்ப்யூட்டரும் கேட்டுப் பார்க்கவில்லை.

கச்சேரி ஒளிபரப்பானது. வயலின் குழைந்தது, மிருதங்கம் அதிர்ந்தது. புல்லாங்குழலின் முறை வந்ததும், "ஏய் குக்கர்!" என்ற கத்தல் ஊருக்கே கேட்டது.

புல்லாங்குழல் செல்போன் மேல் பாய்ந்தது.

"முதல் தடவை நீ சரியாத் தட்டலை. அதனால நீ நிறுத்தினப்போ எல்லாம் எனக்குப் பதிவு ஆரம்பிச்சுது, நீ வாசிச்சப்போ எல்லாம் நின்னு போச்சு" என்றது செல்போன்.

சமையலறையில் குக்கர் மிக்ஸியிடம் நெகிழ்ந்து சொன்னது: "மத்தவங்க எல்லாம் சாமி பாட்டுதான் வாசிச்சாங்க. அவ ஒருத்திதான் என்னைப் பாடினா!"