வியாழக்கிழமை டிரங்க் கால்

டெலிபோன் அடித்தது. புளி மண்டிக்காரர் முனாப் தராசடியில் நின்றதால் அவர் மனைவி ரஹமத் பீவியே எடுத்தாள்.

"காளியப்பன் இருக்காரா?"

பெண் குரல். கன்னடம் கலந்த தமிழ். பெங்களூர் டிரங்க் கால்.

வாசலில் காத்திருந்த காளியப்பன் ஓடி வந்து ரிசீவரை வாங்கிக்கொண்டான். முனாப் உடனே புளி தட்டிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்து, "எல்லாரும் போயி டீ குடிச்சிட்டு வாங்கப்பா" என்று விரட்டிவிட்டு, மனைவியையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து மண்டிக் கதவைச் சாத்தினார்.

"என்னாங்க இது? ஊர் பேர் தெரியாத பொம்பளையோட அவன் கொஞ்சறதுக்கு நம்ம மண்டிதான் கெடச்சுதா?"

"ஒனக்கெதுக்கு அது? போயி வேலையைப் பாரு."

எண்பத்தாறில் பாப்பாரப்பட்டியில் டெலிபோன் இருந்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் வியாழக்கிழமை தவறாமல் வரும் இந்தப் போன் ஊருக்கே தெரியும். காளியப்பன் ஒகேனக்கல் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டியவன். மலைப்பாதையில் ஒரு பெரியவர் குறுக்கே வந்து விழுந்து இறந்துபோனார். தப்பு டிரைவர் மேல் இல்லை என்று போலீசே சொல்லிவிட்டது. ஆனாலும் இடுப்பு வலி என்று சொல்லி அரை வருஷமாக வண்டியைத் தொடவில்லை. இடுப்பு வலியாவது மண்ணாவது! பெங்களூரில் சின்ன வீடு என்றுதான் ஊரே பேசிக்கொண்டது.

ரஹமத் பீவி கதவில் காதை வைத்தாள்.

"ராத்திரியில தூக்கமே இல்லீங்க. கண்ணை மூடினா அதே மொகந்தான் வருது..."

"தௌபா, தௌபா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, நேரே காளியப்பன் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி கோவிந்தம்மாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடி கோவிந்து, ஒம் புருஷன் அங்க ஒருத்தியோட..."

"தெரியுங்க்கா."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கற? நானா இருந்தா அந்த டெலிபோனாலயே மண்டையைப் பொளந்திருப்பேன்!"

கோவிந்தம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் ரஹமத் பீவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு அசமந்தமா!

அடுத்த வியாழக்கிழமை காலையில் பஸ் கம்பெனி மேனேஜர் இன்னாசி மண்டிக்கு வந்தார்.

"பாய், இந்தக் காளியப்பனுக்குப் பெங்களூர்லேருந்து என்னா போனு? மொதலாளி விசாரிச்சிட்டு வரச் சொன்னாரு. அந்த ஆக்சிடெண்டுல தலைக்கு ஏதாச்சும்..."

முனாப் தராசுத் தட்டைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். உள்ளேயிருந்து ரஹமத் பீவி வெடித்தாள்.

"தலைக்கு என்ன கேடு? அங்க ஒருத்திய வச்சிருக்கான். எங் காதால கேட்டேன்!"

இன்னாசியின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, அதானா! நானும் என்னமோன்னு பயந்துட்டேன். கிறுக்குப் புடிச்சவன்கிட்ட வண்டியக் குடுக்க முடியுங்களா? இது ஆம்பளை சமாச்சாரம். இடுப்பு சரியானதும் வரச் சொல்லுங்க. அவன் சீட்டு அவனுக்குத்தான்."

கட்டினவளுக்குத் துரோகம் செய்கிறவனுக்கு வேலை பத்திரமாம்! ரஹமத் பீவிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்குப் போன் வந்ததும் ரிசீவரைப் பிடுங்கி, அந்தப் பெங்களூர்க்காரியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று பின்கதவு வழியாக உள்ளே நுழைந்தாள்.

புளி மூட்டைகளுக்கு நடுவில் காளியப்பன் தரையில் உட்கார்ந்திருந்தான். கண் மூடியிருந்தது. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"சொல்றேன் டாக்டரம்மா... வளைவுல திருப்பறேன். பெரியவரு ஆட்டைப் புடிக்கக் குறுக்க ஓடியாராரு. பிரேக்கை மிதிக்கறேன்... நிக்கலீங்க... நிக்கலீங்க..."

குழந்தை மாதிரி விம்மினான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, மூச்சை மெல்ல இழுத்து விட்டான்.

"ம். சரிங்க. மறுபடியும் மொதல்லேருந்து சொல்றேன்."

சொன்னான். இந்த முறை குரல் அவ்வளவு உடையவில்லை.

"போன வாரம் நீங்க சொன்ன மாதிரியே நேத்து நிக்கிற பஸ்ஸுல ஏறி டிரைவர் சீட்டுல ஒக்காந்தேங்க. கையி ஒதறுச்சு. ஒதறல் நிக்கிற வரைக்கும் எறங்கலை. நீங்க சரின்னு சொன்னாத்தான் ஓட்டுவேன். என்னை நம்பி அத்தனை சனம் ஏறுதுங்களே."

ரஹமத் பீவி வந்த சுவடு தெரியாமல் திரும்பினாள். வாராவாரம் அந்தச் சாவைத் தானே வலியப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறானே, எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்த முகம் தெரியாத டாக்டரம்மாவும் பெங்களூரில் இருந்துகொண்டே அவன் கையை விடாமல் பிடித்திருக்கிறாளே! தன் வாயை நினைத்தால் அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

கோவிந்தம்மாள் வீட்டுக்கு ஓடி, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிரு கோவிந்து. எல்லாத்தையும் கேட்டுட்டேன். தங்கமான மனுசன் மேல சின்ன வூடுன்னு பழி போட்டாங்களே! எந்த நாற வாயி இதைக் கெளப்பி வுட்டுச்சோ, அது வெளங்காமப் போவ..."

கோவிந்தம்மாள் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சாபம் வுடாதீங்க்கா. மனசு டாக்டருகிட்ட பேசறாருன்னு தெரிஞ்சா பைத்தியம்னு பட்டம் கட்டி, சென்மத்துக்கும் ஸ்டியரிங்கைத் தொட வுடமாட்டாங்க. சின்ன வூடுன்னா சிரிச்சிட்டுப் போயிருவாங்க. அதான், கொழாயடியில நானே மூக்கைச் சிந்திக் கெளப்பி வுட்டேன்."