பாதி வேஷம்

“அடி வாங்க மாட்டேன், முடி மட்டும் சூட்டிக்குவேன்னா, அதுக்குப் பேரு சேசுநாதர் வேஷமாங்க?”

வஸ்தியான் அண்ணாவிக்குக் கோபம் வந்தால் தாடி ஆடும். அன்றைக்கு நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

எதிரே நாற்காலியில் சூசைநாதப் பிள்ளை. கப்பல் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தா. கல்கத்தாவில் கிடர்பூர்த் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற தமிழ்க் கிறிஸ்தவர்களில் கோட்டுப் போட்டவர் அவர் ஒருத்தர்தான்.

ஈஸ்டருக்கு இன்னும் நாலே நாள். கோயில் திடலில் பாஸ்கு போட வேண்டும். சேசுநாதர் கழுதையில் ஏறி வருவதில் ஆரம்பித்து, பாடுபட்டுச் சிலுவையில் மரித்து, மூன்றாம் நாள் உயிர்த்து ராஜாவாக நிற்பது வரைக்கும் ஆடிக் காட்டுகிற நாடகம். சொல்லிக் கொடுக்கிறவர் அண்ணாவி. சேசுநாதர் வேஷம் பிள்ளைக்கு.

“கோபப்படாதேயும், அண்ணாவி. கழுதையில நான் வர்றேன். கடைசியில கிரீடத்தோட நிக்கிறதும் நானே. நடுவில இருக்கிறதுக்கு மட்டும் வேற ஆளைப் போட்டுக்கும்.”

“நடுவில இருக்கிறதுன்னா?”

“அதான், அந்த அடி, உதை, எச்சில் துப்புறது.”

“அதை எடுத்துட்டா மிச்சம் என்னங்க இருக்கு? கழுதையும் நீங்களுந்தான்.”

யூதாஸ் வேஷக்காரன் சிரித்துவிட்டு, பிள்ளை திரும்பியதும் இருமினான்.

“எங்க ஆபீஸ் துரை வர்றார், துரைசானி வர்றாங்க. எனக்குக் கீழே வேலை பார்க்கிற வங்காளி பாபுங்க பத்துப் பேர் வர்றாங்க. அவங்க முன்னாடி வெத்து உடம்போட சாட்டையடி வாங்கினா, அப்புறம் எவன்யா என்னை மதிப்பான்?”

“அவரை மட்டும் மதிச்சானுங்களாக்கும். ராஜான்னு சொல்லிச் சொல்லித்தான் அடிச்சானுங்க. அந்த ராஜ்யமே அப்படித்தான். உங்க அளவுக்கு வெட்டித் தைக்க அது என்ன உங்க கோட்டா?”

பிள்ளையின் முகம் சிவந்தது. “திரைச்சீலை என்னுது. பந்தல் என்னுது. காளிகாட்டுல அம்மனுக்கு முடி செய்யிறவன்கிட்டச் சொல்லி நெட்டியில கிரீடம் செஞ்சிருக்கேன், அதுவும் என்னுது. நான் எழுந்திருச்சுப் போனா உம்ம பாஸ்கும் என்கூடவே வந்துடும்.”

மூன்று மாதமாக இருபது பேருக்குத் தொண்டை வறளப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் அண்ணாவி. ஆடுகிற தாடியைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“நான் அடி வாங்கிக்கிறேங்க ஐயா.”

வாசற்படியிலிருந்து சந்தியாகுதான் சொன்னான். கப்பலுக்குக் கரிக்கூடை சுமக்கிறவன். ஒத்திகை நடந்த நாளெல்லாம் வேலை முடிந்ததும் வந்து கேட்டுக் கேட்டு, எல்லார் பாட்டும் அவனுக்கு மனப்பாடம்.

“பார்த்தீரா, ஆள் கிடைச்சாச்சு,” என்று பிள்ளை எழுந்து போனார்.

ஈஸ்டரன்று மத்தியானம் நாடகம் தொடங்கியது. கல்கத்தா வெயில், பந்தலையும் மீறி எரித்தது.

பிள்ளை கஞ்சி மொடமொடக்கிற அங்கியில் கழுதைமேல் வந்தார். துரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

அப்புறம் சந்தியாகு வந்தான். சேவகர்கள் பொய்யாகத்தான் அடித்தார்கள். ஆனால் மரச்சிலுவையோடு அவன் விழுந்தது நிஜம். முழங்கால் தோல் வழன்றது நிஜம். மூன்றாம் தரம் விழுந்தபோது பெண்கள் பக்கத்தில் அழுகை வெடித்தது.

மத்தளக்காரன் பக்கத்தில் நின்று பாடிய அண்ணாவி, திரை இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார். பிள்ளை முகத்துக்கு மாவு பூசி, கிரீடத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துவைத்துக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிலுவைக் காட்சி முடிந்து திரை விழுந்ததும் பிள்ளை ஓடிவந்தார். “சீக்கிரம், அந்தப் பயலை அப்புறப்படுத்தும். துரை எழுந்துடுவார்.”

அவ்வளவுதான். அண்ணாவி எட்டி, பிள்ளை தலையிலிருந்த கிரீடத்தைப் பிடுங்கினார்.

“பாடுபட்டவன் எவனோ அவன்தான் முடி சூட்டிக்கணும். உங்களுக்காக இந்தத் திரை விலகாது.”

“திரை என்னுதுய்யா.”

“கிழிச்சு எடுத்துட்டுப் போங்க. இவன் வெறும் திடல்ல நிப்பான்.” கிரீடத்தைச் சந்தியாகு தலையில் வைத்தார். “மேடையில ஏறுடா.”

“வேணாங்க ஐயா, பிள்ளை கோவிச்சுக்குவாரு.”

“நாப்பது வருஷமாப் பாஸ்கு போடுறேன். இன்னிக்குத்தான் சேசுநாதர் கிடைச்சிருக்காரு. ஏறு.”

திரை விலகியது. வியர்வையும் செம்மண் சாயமும் வழிகிற உடம்பு. தலையில் வெள்ளை வெளேரென்று நெட்டிக் கிரீடம். முன்வரிசைப் பெண்கள் முழந்தாளிட்டார்கள். பின்னாலேயே எல்லாரும். துரை கூடத் தொப்பியைக் கழற்றினார்.

பிள்ளை கழற்றி வைத்திருந்த கோட்டைக்கூட மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுபடி திரை விழுந்தது. சந்தியாகு கால் துவண்டு தரையில் உட்கார்ந்தான்.

“ஐயா, காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல.”

அண்ணாவி பதறிப்போய் ஓடினார். தம்முடைய செம்பு நிறையப் பானைத் தண்ணீர் மொண்டு வந்தார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது.

“நீதான்டா ராஜா. இத்தனை பேர்ல நீ ஒருத்தன்தான் ராஜா.”

சந்தியாகு செம்புக்குக் கை நீட்டினான்.

அண்ணாவி அதை ஒரு முழம் மேலே தூக்கிக்கொண்டார்.

“தொட்டுடாத. கையைக் குவிச்சுப் பிடி, ஊத்துறேன்.”